உத்தரவாதம் மறுத்த வாரியமே கிளப்பிடம் இரவல் கேட்டது: வினு மன்கட்டின் 1952

நட்சத்திரக் கால்பந்து வீரர்களுக்கும் அவர்களது கிளப்புகளுக்கும் இடையே ஒப்பந்தத் தகராறு எழாத பருவமே இப்போது இல்லை எனலாம். இந்திய விளையாட்டில் அத்தகைய மோதல் மிக வெளிப்படையாக நிகழ்ந்தது கிரிக்கெட்டில், 1952இல். அதன் நாயகன் வினு மன்கட், தன் அணியிடம் கேட்டது பணம் அன்று. தேர்வு செய்யப்படுவோம் என்ற ஓர் உறுதிமொழி மட்டுமே.

அவ்வாண்டு பிப்ரவரி 10ஆம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. சித்தூரும் திருப்பதியும் அன்று சென்னை மாநிலத்தின் பகுதிகள். ரேணிகுண்டா வழியாக ரயிலில் வந்து சேரும் தொலைவில் இருந்த சேப்பாக்கம், அப்பகுதி மக்களுக்கும் சொந்தத் தலைநகரின் மைதானமே. 20 ஆண்டுகளாக வெற்றி என்பதையே அறியாதிருந்த இந்திய அணிக்கு அதை ஈட்டித் தந்தது மன்கட்டின் இடதுகைச் சுழல். முதல் இன்னிங்ஸில் 55 ரன்களுக்கு 8 விக்கெட்டுகள், இரண்டாவதில் 53 ரன்களுக்கு 4. இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்ந்தது. அந்தத் தொடரில் அவர் கைப்பற்றிய விக்கெட்டுகள் மொத்தம் 34.

சில மாதங்களில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அதில் மன்கட் இல்லை.

முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் 1917 ஏப்ரல் 12ஆம் தேதி ஜாம்நகரில் பிறந்தவர். ரஞ்சித்சிங்ஜியின் ஊர் அது. அரச குடும்பத்தினர் ஆதரித்து வளர்த்த அந்த ஆட்டத்தில் மன்கட்டோ, உழைத்துச் சம்பாதித்தே வாழ வேண்டியவராக இருந்தார். சசெக்ஸ் அணியின் பெர்ட் வென்ஸ்லி அவருக்குப் பயிற்சி அளித்தார். 1936-37 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற நவாநகர் அணியில் அவர் இடம்பெற்றார். உலகப் போர் அவரது இளமையின் சிறந்த ஆண்டுகளை விழுங்கியதால், டெஸ்ட் அரங்கில் நுழையும்போது வயது 29 ஆகிவிட்டது. அந்த 1946 இங்கிலாந்துப் பயணத்தில் 1,000 ரன்களுக்கு மேலும் 100 விக்கெட்டுகளுக்கு மேலும் குவித்தார். அடுத்த பயணமான ஆஸ்திரேலியாவில் இரு சதங்கள் அடித்தார். ஆயினும் பந்துவீசும் முனையில் கோட்டைவிட்டு நகர்ந்த பில் பிரவுனை ரன் அவுட் செய்ததே அவர் பெயருடன் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. விதிக்கு உட்பட்ட அச்செயலுக்கு அவரது பெயரையே சூட்டியது அநியாயம் என்றே சொல்ல வேண்டும். பிராட்மேனே அன்று அவருக்கு ஆதரவாகப் பேசினார்.

அக்காலத்தில் இந்திய வீரர்களுக்கும் வாரியத்துக்கும் இடையே ஆண்டு ஒப்பந்தம் என ஏதும் கிடையாது. நாட்டுக்காக ஆடுவது கௌரவம். குடும்பத்தைக் காப்பது வீரரின் பாடு. ஆனால் இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களில் நிலைமை வேறு. லங்காஷயர் லீக் கிளப்புகள் ஒவ்வொன்றும் ஒரேயொரு தொழில்முறை வீரரை, பருவம் முழுவதற்கும் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொண்டன. நெல்சன் கிளப்பில் லியரி கான்ஸ்டன்டைனும், கோல்ன் கிளப்பில் அமர் சிங்கும் அவ்வழியே சென்றவர்கள்தான். அத்தகைய கிளப்புகளில் ஒன்றான ஹாஸ்லிங்டன், 1952 கோடைக்காக மன்கட்டை அழைத்தது.

இங்குதான் சிக்கல். அதே கோடையில் இந்தியாவின் இங்கிலாந்துப் பயணம் இருந்தது. கிளப்பின் அழைப்பை மன்கட் மறுத்து, பின்னர் தேர்வுக் குழுவும் அவரைக் கைவிட்டால் இரண்டுமே போய்விடும். எனவே அணியில் இடம் உறுதி என வாரியம் சொன்னால் ஹாஸ்லிங்டனை மறுத்துவிடுவதாகத் தெரிவித்தார். எந்த வீரருக்கும் முன்கூட்டியே உறுதி அளிக்க இயலாது என்பதே கிடைத்த பதில். அப்போது தேர்வுக் குழுவின் தலைவராக இருந்தவர் இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடு, அடுத்த ஆண்டு ஆந்திரா ரஞ்சி அணி உருவானபோது அதை வழிநடத்தியவரும் அவரே.

கொள்கை அளவில் வாரியத்தின் நிலைப்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவருக்கு உறுதி அளித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். ஆனால் ஒரு தொடரில் 34 விக்கெட்டுகள் எடுத்தவரை யாரும் நீக்கப்போவதில்லை என்பது ஊரறிந்த உண்மை. அதை வாயால் சொல்லவும் வாரியம் மறுத்ததுதான் வியப்பு. மன்கட் ஹாஸ்லிங்டனின் தாளில் கையொப்பமிட்டார்.

ஜூன் மாதம் லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் புதிய வேகப்பந்து வீச்சாளர் பிரெட் ட்ரூமனும் அலெக் பெட்சரும் பந்துவீச, ஒரு ரன்கூட எடுக்காத நிலையில் இந்தியா 4 விக்கெட்டுகளை இழந்தது. அந்த ஸ்கோர் பலகையின் படம் இன்றும் இந்தியக் கிரிக்கெட்டின் துயரச் சின்னங்களுள் ஒன்று. ஆட்டத்தில் 7 விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி.

இப்போது கெஞ்ச வேண்டிய முறை அணிக்கு வந்தது. மன்கட் அதே நாட்டில், சில மணி நேரப் பயணத் தொலைவில், வார இறுதிகளில் ஒரு சிற்றூர்க் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தார். அவரை டெஸ்ட் போட்டிகளுக்கு அனுப்புமாறு இந்தியத் தரப்பு ஹாஸ்லிங்டனைக் கேட்டுக்கொள்ள, எஞ்சிய மூன்று டெஸ்ட்களுக்கும் அந்தக் கிளப் அவரை விடுவித்தது. தேசிய அணிக்குத் தன் வீரரை அழைக்க ஓர் ஊர்க் கிளப்பின் இசைவு தேவைப்பட்டது. ஏனெனில் அவருடன் ஒப்பந்தம் வைத்திருந்தது அந்தக் கிளப் மட்டுமே.

இரண்டாவது டெஸ்ட் லார்ட்ஸில். தொடக்க வீரராக இறங்கிய மன்கட் 72 ரன்கள் எடுத்தார். இங்கிலாந்து 537 ரன்கள் குவித்தபோது 73 ஓவர்கள் வீசி, 196 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்துவீச்சு முடிந்த கையோடு மீண்டும் தொடக்க வீரராகச் சென்று 184 ரன்கள். இந்தியர் ஒருவர் டெஸ்டில் அதுவரை எடுத்த அதிகபட்ச ரன்கள் அவை. இரண்டாவது இன்னிங்ஸிலும் 24 ஓவர்கள் வீசினார். 35 வயதில், ஓர் ஆட்டத்தில் 97 ஓவர்கள்; மட்டையால் 256 ரன்கள். இவ்வளவுக்குப் பிறகும் இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆயினும் அப்போட்டியை மன்கட்டின் டெஸ்ட் என்றே கிரிக்கெட் உலகம் அழைக்கிறது. லார்ட்ஸ் ஓய்வறைகளில் உள்ள பேட்டிங், பந்துவீச்சு கௌரவப் பலகைகள் இரண்டிலும் அவர் பெயர் உண்டு.

அதே காலத்தில் இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களின் நிலை இதைவிட இறுக்கமானது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் கிளப் அனுமதியின்றி வீரர் வேறிடம் செல்ல முடியாது; ஊதியத்துக்கும் உச்சவரம்பு. 1948இல் மிடில்ஸ்பரோவுடன் மோதிய நட்சத்திர வீரர் வில்ஃப் மேனியன், சில மாதங்கள் ஆடாமலேயே இருந்துவிட்டு மீண்டும் அதே கிளப்புக்குத் திரும்ப நேர்ந்தது. நியூகாஸில் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் தொடுத்த வழக்கில் 1963இல் தீர்ப்பு வந்த பின்னரே அந்தப் பிடி தளர்ந்தது. மன்கட் எந்த நீதிமன்றத்தையும் நாடவில்லை.

வாரியத்துடனான கசப்பு நீடிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே பாகிஸ்தானுக்கு எதிராக டெல்லியில் 13 விக்கெட்டுகள் எடுத்தார். 23 டெஸ்ட்களில் 1,000 ரன்கள், 100 விக்கெட்டுகள் என்ற சாதனையை 1979 வரை எவரும் முந்தவில்லை. முந்தியவர் இயன் போத்தம். 1954-55இல் பாகிஸ்தான் சென்ற அணிக்கு அவரே கேப்டன். 1956 ஜனவரியில் மீண்டும் சென்னை, இம்முறை மாநகராட்சி மைதானம். நியூசிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள். அதில் மன்கட்டின் பங்கு 231. அந்த உலக சாதனை 2008 வரை நிலைத்தது. இதற்குள் சித்தூர் மாவட்டம் ஆந்திராவுடன் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

44 டெஸ்ட்கள், 2,109 ரன்கள், 162 விக்கெட்டுகளுடன் 1959இல் மன்கட் விடைபெற்றார். 1973இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1978 ஆகஸ்ட் 21ஆம் தேதி மும்பையில் காலமானார். 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டி அவர் பெயரில் நடைபெறுகிறது. 2021இல் ஐசிசி தனது புகழ் அரங்கில் அவரைச் சேர்த்தது. இந்திய வீரர்களுக்கு வாரியம் ஆண்டு ஒப்பந்தம் வழங்கத் தொடங்கியது 2004இல், அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு.