துடுப்புக்கு ஓய்வு கொடுத்தவர்!

எடிசன், ரைட் சகோதரர்கள் பற்றி நாம் நிறைய படிச்சிருக்கோம். படகின் பின்னால் கழற்றி மாட்டுகிற மோட்டாரைப் பிரபலமாக்கியவரை யாருக்காவது தெரியுமா? அவர்தான் ஓலே எவின்ருட். அவரைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

இளமை

1877 ஏப்ரல் 19-ல் நார்வே நாட்டில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். ஆனா இயந்திரம்னா அவருக்கு உயிர்! 16 வயதில் மாடிசன் நகரில் வேலை பார்த்துக்கொண்டே எஞ்சினியரிங்கைத் தானாகவே படித்தார். 1900-ல் கூட்டாளியோடு சேர்ந்து எஞ்சின் செய்யும் பட்டறை தொடங்கினார்.

ஐஸ்கிரீம் கதை

ஒரு நாள் ஏரிக்கரையில் பெஸ் என்ற பெண்ணுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை. ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிப் போச்சாம்! அப்போதுதான் படகுக்கு மோட்டார் மாட்டும் எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். 1906-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

மோட்டார் எப்படி வேலை செய்தது?

வாட்டர்மேன் என்பவர் இவருக்கு முன்பே இப்படி ஒரு மோட்டார் விற்றார். ஆனால் நன்றாக ஓடி, மக்களிடம் பரவியது ஓலேயின் மோட்டார்தான். மேலே எஞ்சின். அதிலிருந்து ஒரு தண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அடியில் உள்ள பல்சக்கரங்கள் சுழற்சியை 90 டிகிரி திருப்பி, விசிறி போன்ற புரொப்பெல்லரைச் சுற்றும். அது தண்ணீரைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகும். நியூட்டனின் மூன்றாம் விதிதான்! மோட்டாரையே திருப்பினால் படகும் திரும்பும். படகில் ஓட்டை போட வேண்டாம், கழற்றி வீட்டுக்கே தூக்கிப் போகலாம். எடை சுமார் 28 கிலோ, சக்தி ஒன்றரை குதிரைத்திறன்.

1909-ல் ஒரு நண்பருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். அவர் பத்து மோட்டாருக்கு ஆர்டரும் பணமும் கொண்டு வந்துட்டார்! விளம்பரம், கடிதம், கணக்கு எல்லாம் பெஸ் பார்த்துக்கொண்டார். வியாபாரம் அமோகமா வளர்ந்தது.

பெயரை விட்டுக் கொடுத்தார்

ஆனால் பெஸ்ஸின் உடம்பு கெட்டது. ஓலே தன் பங்கைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டார். ஐந்து வருடம் இந்தத் தொழிலில் இறங்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். கம்பெனியில் அவர் பெயர் இருந்தது, அவர் இல்லை! மனைவியோடு ஊர் ஊராகப் பயணம் போனார்.

அந்தக் காலத்தில் அவர் மூளை சும்மா இருக்கவில்லை. அலுமினியத்தில், இரண்டு சிலிண்டரோடு புது மோட்டாரை வடிவமைத்தார். இரண்டு பிஸ்டனும் எதிரெதிராக ஓடுவதால் அதிர்வு குறைவு. எடை சுமார் 22 கிலோ, சக்தியோ இரண்டு மடங்கு! பழைய கூட்டாளியிடமே முதலில் காட்டினார். அவர் வேண்டாம் என்றார். 1921-ல் தானே விற்கத் தொடங்கினார். எவின்ருட் என்ற பெயர் பழைய கம்பெனியிடம் இருந்ததால் எல்டோ என்று வேறு பெயர் வைத்தார்கள். 44 வயதில் தன் பெயரோடு தானே போட்டி!

எல்டோ நன்றாக விற்றது. 1929-ல் பழைய கம்பெனியும் எல்டோவும் இன்னொரு கம்பெனியும் ஒன்றாகின. தலைவர் யார் தெரியுமா? ஓலேதான்!

1933-ல் பெஸ் மறைந்தார். அடுத்த வருடமே, 1934 ஜூலை 12-ல் ஓலேயும் போய்விட்டார். எவின்ருட் மோட்டார் தயாரிப்பு 2020-ல் நின்றது. ஆனாலும் நம் கடற்கரையில் ஃபைபர் படகின் பின்னால் பாருங்கள், அதே அமைப்புதான் சுற்றுகிறது.

மோட்டார் கண்டுபிடித்ததை விட, மனைவிக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினாரே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு பாடத்தில் மார்க் போனால் எல்லாம் போச்சு என்று உட்காருகிற நமக்கு இவர் கதை உதவும்.