சேது காத்த பட்டமும் பாஸ்கர சேதுபதி மன்னரும்



கோப்பித் தோட்டக் காலத்தில் இம்மலைநாட்டிற்கு வந்த நம் முன்னோரில் பலர் இராமநாதபுரம் சீமையைக் கடந்தே வந்தனர். பாம்பன், இராமேசுவரம் பக்கமிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தனர். அந்தச் சீமையை ஆண்டவர்களின் பரம்பரைப் பட்டமே சேதுபதி என்பதாகும்.

சேது என்பது இராமபிரான் கட்டிய அணை. பதி என்றால் தலைவன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்று, இராமேசுவர யாத்திரிகர்களைக் கள்வரிடமிருந்து காக்கும் கடமையை ஒப்படைத்தார். ஆகவே இப்பட்டம் காவல் பணிக்காகவே பிறந்தது. 1803இல் ஆங்கிலேயர் இவ்வரசை ஜமீனாக்கினர்.

இம்மரபில் 1868இல் பிறந்தவர் பாஸ்கர சேதுபதி. ஐந்து வயதளவில் தந்தையை இழந்தார். ஆங்கில அரசின் மேற்பார்வையில் சென்னையில் கல்வி கற்று, 1889இல் பொறுப்பேற்றார். புலவர்களையும் ஆலயங்களையும் ஆதரித்து வாரி வழங்கினார். 1893இல் சிகாகோ சர்வமத சபைக்குச் செல்லும்படி சுவாமி விவேகானந்தரை ஊக்குவித்தவர்களுள் இவரும் ஒருவர்.

1897 ஜனவரி 15இல் கொழும்பில் இறங்கிய சுவாமிகள் கண்டி, மாத்தளை, யாழ்ப்பாணம் சென்று, 26ஆம் திகதி பாம்பனை அடைந்தார்கள். மன்னர் நேரில் வந்து வணங்கி வரவேற்றார். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மக்களோடு சேர்ந்து தாமும் இழுத்தார். அந்த வருகையின் நினைவாக 40 அடி உயரத் தூணொன்றையும் நிறுவினார். ஏழைகளிடத்தில் சிவனைக் காண்பதே உண்மை வழிபாடு என்று இராமேசுவரத்தில் சுவாமிகள் உபதேசித்ததைத் தொடர்ந்து, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு மன்னர் அன்னமும் ஆடையும் அளித்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும. அதே 1897இல் கமுதி ஆலயத்தில் நாடார் சமூகத்தினர் உட்புகுந்து வழிபட்டதை எதிர்த்து, ஆலயப் பொறுப்பாளர் என்ற முறையில் மன்னர் வழக்குத் தொடுத்தார். சேதுவுக்கு வருவோரைக் காத்த மரபில் வந்தவர், தம் நாட்டு மக்களுக்கே ஆலயக் கதவை அடைக்க முயன்றது வருந்தத்தக்கது. அந்த வழக்கு அவர் காலத்திற்குப் பின்னரும் நீடித்தது.

அளவற்ற கொடையால் கடன் பெருகியது. 1903 டிசம்பர் 27இல், 35ஆம் வயதில் மன்னர் மறைந்தார். அவருடைய பேரர் சண்முக ராஜேசுவர சேதுபதியின் நாளில், 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தினால் ஜமீன் அரசு இல்லாமற் போயிற்று. இன்று சேதுபதி என்பது அக்குடும்பத்தாரின் பெயராக வழங்குகின்றது.

நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் பெரிய கங்காணிக்கே முதல் காளாஞ்சி. அந்தக் கங்காணி முறையும் மறைந்துவிட்டது. அடியேனும் அரசாங்க லிகிதராகப் பல்லாண்டு கதிரையில் இருந்தவன். கதிரைக்குக் கிடைத்த வணக்கம் கதிரையோடு நின்றுவிட்டது. தர்மகர்த்தா பதவியும் அத்தகையதே. எனவே திருவிழாக் காலத்தில் முதல் மரியாதை யாருக்கு என்று வழக்காடாமல், எந்த லயத்திலிருந்து வருபவரும் தடையின்றி வந்து கும்பிட வழிசெய்வோமாக. மன்னர் விட்டுச் சென்றவற்றில் அன்னமிட்டதைப் பின்பற்றுவோம், கதவடைத்ததைத் தவிர்ப்போம்.

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.