புள்ளிகளால் ஒளி தந்த லூயி பிரெயில்

பார்வையற்றோர் தம் விரல் நுனியால் நூல்களைத் தடவிப் படிப்பதை நம்மில் சிலர் கண்டிருப்போம். அவ்வரிய எழுத்தை உலகிற்கு அளித்த பெருமகனார் லூயி பிரெயில் ஆவார். அவரும் பார்வையற்றவரே.

இவர் 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், பிரான்சு நாட்டில் பாரிசு நகருக்கு அருகிலுள்ள கூப்வரே என்னும் சிற்றூரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர். 3 வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது, தோலைத் துளையிடும் குத்தூசி இவரது ஒரு கண்ணைக் குத்தியது. புண் மற்றக் கண்ணையும் பற்றவே, சிறு வயதிலேயே பார்வை முற்றும் மறைந்தது.

பெற்றோர் மனந்தளரவில்லை, ஊர்ப்பள்ளியில் ஏனைய சிறுவரோடு சேர்த்தனர். பிரெயில் செவியால் கேட்டே பாடங்களைக் கற்றார். 1819இல் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்குப் புடைத்த எழுத்துகளால் ஆன நூல்கள் சிலவே இருந்தன. அவற்றைத் தடவிப் படிக்க நெடுநேரம் பிடித்தது. அம்முறையில் தாமே எழுதுவதோ மிக அரிது.

அக்காலத்தில் சார்லசு பார்பியே என்னும் படைத்துறையினர், 12 புள்ளிகளால் ஆன எழுத்துமுறை ஒன்றை அமைத்திருந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதனை ஆராய்ந்து 6 புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல் அம்முறையை வகுத்தபோது அவருக்கு வயது 15! தம் கண்ணைப் பறித்த குத்தூசியை ஒத்த கருவியாலேயே தாளில் புள்ளிகளைக் குத்தினார். 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது.

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகி, தம்மைப் போன்ற சிறார்க்குக் கல்வி புகட்டினார். ஆயினும், ஒரு காலத்தில் பள்ளித் தலைமை அவ்வெழுத்தைத் தடை செய்தது. மாணவரோ மறைவாக அதனைப் பயின்றனர். தாமே எழுதித் தாமே படிக்கும் இன்பத்தை நுகர்ந்தவர் அதனை எங்ஙனம் கைவிடுவர்?

காசநோயால் நெடுநாள் வருந்திய பிரெயில், 1852 சனவரி 6ஆம் நாள் இயற்கை எய்தினார். 1854இல்தான் அப்பள்ளி அவரது எழுத்தை முறையாக ஏற்றது. இன்று நம் தமிழும் அப்புள்ளிகளால் எழுதப்படுகிறது.

மாணவ நண்பர்களே! அன்று ஊர்ப்பள்ளி இடமளிக்க மறுத்திருப்பின் இப்பெருமகனாரை உலகம் அறிந்திராது. உடற்குறையுடைய ஒருவர் நம் வகுப்பிற்கு வந்தால், அவரால் இயலாதது யாது என்று எண்ணாது, எவ்வழியில் அவர் கற்பார் என்று கேட்டறிவோம். அருகில் இடம் தந்து உடன் பயில்வோம்.