உப்புத் தண்ணீரில் தொடங்கும் ராக்கெட் வேதியியல்... காரைக்குடி ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் கொடுத்த அழகப்பச் செட்டியார் யார்?

2022 மே 13. ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு ராக்கெட் பூஸ்டரை அசையாதபடி கட்டிப்போட்டு எரித்துப் பார்த்தது இஸ்ரோ. 203 டன் திட எரிபொருள். 135 விநாடிகளில் எரிந்து தீர்ந்தது. ககன்யான் திட்டத்தில் மனிதர்களைச் சுமந்து செல்லும் ராக்கெட்டுக்கான ஹெச்எஸ்200 பூஸ்டர் அது.

இந்தச் செய்தியைப் படித்தபோது தேவகோட்டைக்காரர்கள் எத்தனை பேருக்கு, பக்கத்திலேயே இருக்கும் காரைக்குடி ஞாபகத்துக்கு வந்திருக்கும்? இந்த மாதிரி எரிபொருளுக்கான முக்கிய வேதிப்பொருளைத் தயாரிக்கும் வழிகளை ஆராய்ந்த ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். நம்ம ஊர்ப் பேச்சில் சிக்ரி.

அந்த ஆய்வகம் டெல்லிக்கோ பம்பாய்க்கோ போகாமல் செட்டிநாட்டுக்கு வந்ததற்கு ஒரு மனிதர்தான் காரணம். அவர் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

யார் இந்த அழகப்பர்?

1909 ஏப்ரல் 6 அன்று, காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் பிறந்தவர். வட்டிக்கடையும் கப்பல் பயணமுமாக இருந்த நகரத்தார் சமூகத்தில், இவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். அடுத்து லண்டன். அங்கே பாரிஸ்டர் படிப்பு, கூடவே வங்கிப் பயிற்சி. அதோடு விட்டாரா? லண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் முழுநேரத் தொழிலதிபர் ஆனார். திருச்சூர் அருகே இவர் நடத்திய துணி ஆலையைச் சுற்றி ஒரு ஊரே உருவானது. அதற்கு இன்றும் அழகப்பா நகர் என்றுதான் பெயர். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஆங்கிலேய அரசு சர் பட்டம் கொடுத்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சம்பாதித்ததை என்ன செய்தார்?

கொடுத்தார். 1944ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய். அதில் கிண்டியில் எழுந்ததுதான் ஏ.சி. டெக் என்று மாணவர்கள் சொல்லும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி.

1947ல் ஒரு விழாவில் பேசிய துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் தொடங்க வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர் தயங்கவே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், சுதந்திரம் வந்த அதே மாதத்தில், காரைக்குடியில் அழகப்பா கல்லூரி தொடங்கிவிட்டது.

அடுத்தது சிக்ரி. நாடு முழுக்க தேசிய ஆய்வகங்களை அமைக்க மத்திய அரசு திட்டமிட்ட நேரம் அது. காரைக்குடியில் அமைத்தால் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார் அழகப்பர். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்.

சரி, மின்வேதியியலுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

விண்வெளியில் காற்று கிடையாது. எரிவதற்குத் தேவையான ஆக்ஸிஜனை ராக்கெட்டே சுமந்து போக வேண்டும். திட எரிபொருள் பூஸ்டர்களில் அந்த வேலையைச் செய்வது அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளைத் தூள். எரிபொருள் கலவையின் எடையில் பெரும்பங்கு இதுதான்.

இதைத் தயாரிக்கும் வேலை சாதாரண உப்புக் கரைசலில்தான் தொடங்குகிறது. கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் உப்பு முதலில் குளோரேட் ஆகும், அடுத்து பெர்குளோரேட் ஆகும். பிறகு அம்மோனியம் உப்பு ஒன்றைச் சேர்த்தால் தேவையான பொருள் கிடைத்துவிடும். இதில் சிக்கல், மின்சாரம் பாயும் மின்முனைதான். பிளாட்டினம் நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். அதற்குப் பதிலாக லெட் டை ஆக்ஸைடு பூசிய மின்முனைகளை உருவாக்கிப் பார்த்தவர்களில், சிக்ரியின் இயக்குநராக இருந்த ஹெச்.வி.கே. உடுப்பாவும் அவரது குழுவினரும் முக்கியமானவர்கள்.

இன்னொரு சம்பந்தம் துரு. மண்டபத்தில் கடலோரமாக உலோகத் தகடுகளை வைத்து, உப்புக்காற்று அவற்றை எப்படி அரிக்கிறது என்று சிக்ரி ஆராய்கிறது. இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2006 மார்ச்சில் பசிபிக் தீவு ஒன்றிலிருந்து கிளம்பிய ஸ்பேஸ்எக்ஸின் முதல் ஃபால்கன் 1 ராக்கெட் அரை நிமிடத்திலேயே தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. கடல் காற்றில் அரித்துப்போன ஒரு சின்ன அலுமினிய நட்டு வழியாக எரிபொருள் கசிந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதில் ஆட்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால்?

அதனால்தான் மனிதர் போகும் ராக்கெட்டுக்கு இவ்வளவு சோதனை. திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் பாதியில் அணைக்க முடியாது. எனவே தரையிலேயே எரித்துப் பார்த்துவிட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சிஇ20 கிரையோஜெனிக் இன்ஜினை மனிதர் பயணத்துக்குத் தகுதியாக்க 4 இன்ஜின்களை 39 முறை எரித்துப் பார்த்தார்கள். குறைந்தபட்சம் 6,350 விநாடிகள் எரிந்தால் போதும் என்பது விதி. 8,810 விநாடிகள் எரித்த பிறகே, 2024 பிப்ரவரியில் அந்தச் சோதனைகளை முடித்தார்கள்.

அழகப்பர் இதையெல்லாம் பார்த்தாரா?

இல்லை. இளம் வயதிலேயே தொழுநோய் அவரைத் தாக்கியிருந்தது. மனிதர்கள் அந்த நோயாளிகளைத் தள்ளிவைத்த காலம் அது. தோற்றம் மாறியது, உடல் தளர்ந்தது. தொழிலிலும் சரிவுகள் வந்தன. ஆனாலும் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. தன் வீட்டைக்கூடக் கல்விப் பணிக்குக் கொடுத்துவிட்டார். 1956ல் மத்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

1957 ஏப்ரல் 5 அன்று காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 4 அன்று, உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனது. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்ப இன்னும் ஆறு வருடம் ஆனது. ஆக, அவர் நிலத்தை எழுதிக் கொடுத்தபோது ராக்கெட் அவர் கணக்கிலேயே இருந்திருக்க முடியாது. வானம் பார்த்த பூமியான நம்ம சீமையில் ஒரு ஆய்வகமும் அதைச் சுற்றி நாலு கல்லூரியும் இருந்தால், படித்தவர்கள் என்ன கண்டுபிடிக்கணுமோ அதைக் கண்டுபிடிச்சுக்குவாங்க என்ற நம்பிக்கையில்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் தொடங்கிய கல்லூரிகளை அடித்தளமாக வைத்து 1985ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. தேவகோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் காரைக்குடிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் தினமும் பார்க்கும் ஒரு போர்டு. அடுத்த முறை ககன்யான் செய்தி வரும்போது, அந்த போர்டில் இருப்பவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.