ஒன்றரைச் சுற்று வீரர்

குளிர் மிகுந்த நாடுகளில் ஏரிகள் உறைந்து, கண்ணாடித் தரை போலாகிவிடும். அடியில் இரும்புத் தகடு பொருத்திய காலணி அணிந்து, அதன் மேல் சறுக்கி விளையாடுவார்கள். அந்த விளையாட்டில் ஒரு தாவலுக்கே தன் பெயரைத் தந்தவர் ஆக்சல் பால்சன்.

இவர் 1855ம் ஆண்டு, ஜூலை 18ம் தேதி நார்வே நாட்டில் பிறந்தார். வேகச் சறுக்குப் பந்தயங்களில் புகழ் பெற்றார்.

1882ம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், அழகாகச் சறுக்கிக் காட்டும் போட்டி நடந்தது. பால்சனோ வேகப் பந்தயத்துக்கு உரிய நீண்ட தகட்டுக் காலணியுடன் களம் இறங்கினார். முன்னோக்கிச் சறுக்கி வந்தவர், இடது காலால் எம்பி, காற்றில் ஒன்றரைச் சுற்று சுழன்று, வலது காலில் பின்னோக்கியபடி இறங்கினார்!

முகம் பார்க்கும் திசையிலேயே எம்ப வேண்டும் என்பதால், இதைப் பழகுவோருக்கு முதலில் பயம் வரும். அரைச் சுற்றும் கூடுதல். இறங்கும்போது முழங்காலை மடக்காவிட்டால் விழ வேண்டியதுதான்! அதனால், முதலில் வெறும் தரையில் குதித்துப் பழகுவார்கள்.

போட்டியில் பால்சனுக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. 1938ல் அவர் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 1948 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் பட்டன் அதே தாவலில் இரண்டரைச் சுற்று சுழன்றார். 1978ல் கனடாவின் வெர்ன் டெய்லர் மூன்றரையை எட்டினார். 2022ல் அமெரிக்க இளைஞர் இலியா மாலினின் நாலரைச் சுற்றை முடித்தார்.

அந்த ஒரு சுற்றைக் கூட்ட 44 ஆண்டுகள் ஆயின. எத்தனை சுற்றானாலும், அதன் பெயர் இன்றும் 'ஆக்சல்' தான், குழந்தைகளே!