வெயிலைத் தேடிய மருத்துவர்

கேரித் தீவில் எங்கள் லயத்து வாசலுக்கு வெயில் வர எட்டு மணியாகும். செம்பனை மரங்களைத் தாண்டி வர வேண்டுமே! தம்பி பிறந்து மஞ்சள் காமாலை கண்டபோது பாட்டி அவனை மடியில் கிடத்தி அந்த வெயிலில்தான் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் இறங்கவில்லை. கிள்ளானில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள், இறங்கிவிட்டது. வெயில் செய்யாததை விளக்கு எப்படிச் செய்தது? இந்தக் கேள்வியோடு பல்கலைக்கழக நூலகத்தில் தேடியபோதுதான் நீல்ஸ் ஃபின்சனைச் சந்தித்தேன். காமாலை விளக்கு அவர் கண்டதல்ல. அது 1950களில் இங்கிலாந்தில் வந்தது. ஆனால் ஒளியை மருந்தாக்கிய கதை அவரிடம்தான் சூடுபிடிக்கிறது.

அவரும் தீவுக்காரர்தான். 1860 டிசம்பர் 15ஆம் நாள் ஃபேரோ தீவுகளின் தோர்ஷாவனில் பிறந்தார். நமக்கு வெயில் தொல்லை. அங்கே அது விருந்தாளி. டென்மார்க்கில் அவர் படித்த பள்ளியில் மந்தமான மாணவன் என்றே பெயர் வாங்கினார். பிறகு ஐஸ்லாந்தில் படித்து, கோப்பன்ஹேகனில் 1890இல் மருத்துவரானார்.

அதற்கு முன்பே நோய் அவரைப் பிடித்துவிட்டது. கல்லீரலையும் இதயத்தையும் சுற்றியுள்ள சவ்வுகள் தடித்து, வயிற்றில் நீர் கோத்தது. இரத்தசோகை, ஓயாத களைப்பு. குடியிருந்த வீடோ வடக்குப் பார்த்தது. வெயில் பட்டால் தேறலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. நிழல் நகர நகர, ஒரு பூனை வெயில் பக்கமே இடம் மாறிப் படுப்பதைக் கூர்ந்து கவனித்தாராம். நாமெல்லாம் பூனையை விரட்டியிருப்போம்!

1893இல் பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பு ஒளியில் வைக்கச் சொன்னார். அது காலத்தில் நிற்கவில்லை. 1895இல் எடுத்த முயற்சி நின்றது. தோல் காசநோய் மூக்கையும் கன்னத்தையும் அரித்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது; அந்த முகத்தோடு வெளியே வர நோயாளிகள் கூசினார்கள். எந்த வைத்தியத்துக்கும் ஆறாத ஒரு பொறியாளரின் முகத்தில் கரிவில் விளக்கின் ஒளியை வில்லைகளால் குவித்துப் பாய்ச்சினார் ஃபின்சன். புண் ஆறத் தொடங்கியது. 1896இல் கோப்பன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. நோயாளிகள் நாள்தோறும் நெடுநேரம், பல மாதங்கள் விளக்கின் கீழ் கிடந்தார்கள். பக்கத்தில் தாதியர் நீரோடும் வில்லையைத் தோலில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். 1900இல் டென்மார்க்கில் பிறந்த அலெக்சாண்ட்ரா வழியாக விளக்கு லண்டனுக்கும் போனது.

1903இல் நோபெல் பரிசு கிடைத்தபோது ஃபின்சன் சக்கர நாற்காலியில் இருந்தார். ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை நிலையத்துக்கே கொடுத்தார். 1904 செப்டம்பர் 24இல், 43 வயதில் இறந்தார். ஆயிரம் முகங்களை மீட்ட ஒளி அவரது உடம்பை மீட்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

புறஊதாக் கதிர்தான் கிருமியைக் கொல்கிறது என்று அவர் நம்பியிருந்தார். 2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அவருடைய பழைய கருவிகளைச் சோதித்தார்கள். கிருமியைக் கொல்லும் குறுகிய புறஊதாக் கதிர்கள் அந்த வில்லைகளைக் கடக்கவே இல்லை! காசநோய்க் கிருமி தனக்குள் போர்ஃபிரின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. ஊதா நீல ஒளி அதன்மேல் பட்டால் வீரியமான ஆக்சிஜன் உண்டாகி, கிருமியையே அழிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். முகப்பருக் கிருமிக்கு இன்று நீல ஒளி காட்டுவதும் இதே கணக்குத்தான்.

தோலோடு இது நிற்கவில்லை. 2019இல் கனடாவில் 21 பெண்களுக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை புறஊதா பி ஒளி கொடுத்தார்கள். குளிர்காலத்தில் வைட்டமின் டி மாத்திரை எடுக்காதவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. சிறிய ஆய்வுதான், இதை நம்பி யாரும் வெயிலில் காய வேண்டாம்.

தம்பியின் கேள்விக்கும் விடை கிடைத்தது. நீல ஒளி தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தை மாற்ற, அது உடம்பைவிட்டு எளிதாக வெளியேறுகிறது. வளர்ந்தவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்கள் பிலிருபினைச் சிதைத்துவிடும். பிறந்த குழந்தைக்கு அந்தக் கூட்டம் இன்னும் குடியேறியிருக்காது, ஆகவே அது மறுபடி இரத்தத்துக்கே திரும்புகிறது. அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர் நொதியை 2024இல்தான் அடையாளம் கண்டார்கள். பாட்டியின் வெயிலிலும் நீல ஒளி இருந்தது. ஆனால் அளவு நம் கையில் இல்லை, சூடும் சேர்ந்துவரும். காத்திருந்தால் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடவும் கூடும். பாட்டியிடம் இதைச் சொன்னேன். அடுத்த பேரனை நேரே கிள்ளானுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, வெயிலில் வற்றல் காயவைக்கப் போய்விட்டார்.