கணக்கு ஈஸி, குளிர்தான் கஷ்டம்: கேம்பிரிட்ஜில் ராமானுஜன்

வெளிநாட்டு ஆஃபர் வந்தால் நமக்கு விசா, வாடகைக் கவலை. 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி கூப்பிட்டபோது கணித மேதை ராமானுஜனுக்கு இருந்த கவலையே வேற. கடல் தாண்டினால் சாதியை விட்டே தள்ளிவைக்கும் காலம் அது. அம்மா கோமளத்தம்மாளும் சம்மதிக்கல.

நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி கொடுத்ததாக அம்மா சொன்ன பிறகே வழி பிறந்தது என்பார்கள். குடுமியை எடுத்து, கோட்டுக்கு மாறினார். அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்னாடியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து கப்பல் கிளம்பியது. வயது 26.

அங்கே கணக்கு பிரச்சினையே இல்லை, ராத்திரிதான் பிரச்சினை. ஓவர்கோட்டோடு படுத்தும் குளிர் தாங்கல. நண்பர் மகலனோபிஸ் வந்து பார்த்தால், மெத்தையில் செருகி வைத்திருந்த கம்பளிகளுக்கு மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்! உள்ளே நுழைந்து படுக்கணும்னு யாரும் சொல்லித் தரல.

சுத்த சைவம், அதனால் சமையலும் அவரே. சில மாதங்களில் உலகப் போர் வந்தது, காய்கறிக்கும் தட்டுப்பாடு. 1917-ல் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானபோதும் நோயாளிதான். கணவன் மனைவி கடிதங்களோ மாமியார் கையில் சிக்கி நின்றுபோயின.

1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியதும் கண்கள் தேடியது ஜானகியை. வந்திருந்தது அம்மாவும் தம்பியும்தான். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார், கடைசிவரை பார்த்துக்கொண்டார். படுக்கையிலும் கணக்கை விடாத ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னை சேத்துப்பட்டில் இறந்தார்.

கடல் தாண்டியதற்குப் பரிகாரம் செய்யவில்லை என்று சொந்தக்காரர்கள் சிலர் இறுதிச் சடங்குக்கே வரல.